மாரீஸ்வரி படுத்துக் கிடந்த கதை

என் தங்கை மாரீஸ்வரி ஓரிடத்தில் நிலையாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே விழுங்கிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவாள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இவளுக்குக் கையும் சும்மா இருக்காது. அனுமந்தன்பட்டியில் அவள் புருஷன் சுரேஷ்கண்ணனுக்குத் திராட்சைப் பந்தல் இருக்கிறது. கொடியைக் கவாத்து வெட்டுவதிலிருந்து குலை அறுத்துப் பெட்டியில் அடுக்குவது வரைக்கும் கூலியாட்களோடு கூலியாளாக நிற்பாள். அப்படிப்பட்டவளைத்தான், பிள்ளை பிறக்கிற வரைக்கும் எழுந்திருக்கவே கூடாது என்று தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

மாசிக் கடைசி அது. ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. விடிந்ததும் விடியாததுமாக ரத்தம் பட்டிருக்கிறது. வலி இல்லை, ஒன்றும் இல்லை, சும்மா பட்டிருக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா படத்தை எங்களிடம் காட்டி, நஞ்சுக்கொடி மேலே இருக்க வேண்டியது கீழே இறங்கி வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்றார். எப்போது வேண்டுமானாலும் மறுபடி ரத்தம் போகலாம், நிறையப் போகலாம், ஊரில் இருந்தால் இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இரண்டு உயிரும் போய்விடும். வைகாசியில்தான் பிரசவம். அதுவரை இங்கேயே இருக்க வேண்டும்.

"அம்புட்டு நாளா? பந்தல யாரு பாக்குறது?" என்று கேட்டாள் மாரீஸ்வரி. டாக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். நான் அவள் தொடையில் கிள்ளினேன்.

எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் கூட இருக்கும் வேலை எனக்கு வந்தது. எனக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் உத்தமபாளையம். அங்கே ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு, மாற்றுச் சேலை நாலும் ஒரு கோரைப்பாயும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். திருவிழாக் காலம் வேறு. "அக்கா, என் ஜாக்கெட்டு என்னாச்சு?" என்று நாளெல்லாம் போன் வரும். "தங்கச்சிக்கு முடியல" என்றால், "அய்யோ பாவம்" என்று சொல்லிவிட்டு, "கைய மட்டுமாச்சும் வச்சுட்டீகளா?" என்று கேட்பார்கள். இந்த ஊர்ப் பெண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாரீஸ்வரிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் நிற்காமல் போயிற்று. மாமியார் இருளம்மாள் கெட்டவள் இல்லை. மருமகளை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. ஆனால் இந்த ஒன்பது வருஷத்தில் அவள் மருமகளிடம் கேட்ட கேள்வியெல்லாம் நாள் தள்ளியிருக்கிறதா, மாத்திரை சாப்பிட்டாயா, இந்தத் திருநீற்றை வயிற்றில் பூசினாயா, இவ்வளவுதான். "அத்த எங்கிட்டப் பேசுறாகளா, என் வயித்துக்கிட்டப் பேசுறாகளான்னே தெரியலக்கா" என்பாள் மாரீஸ்வரி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அவளும் அத்தையிடம் அளந்துதான் பேசுவாள்.

ஆஸ்பத்திரியில் முதல் வாரம் எல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. பார்க்க ஆள் வந்தார்கள், ஆரஞ்சுப் பழம் வந்தது. பிறகுதான் சலிப்பு பிடித்தது. ஜன்னலைத் திறந்தால் கீழே வண்டி நிறுத்துமிடம், அதற்கப்பால் ரோடு. காலையில் ரொட்டியும் பாலும். பிறகு ஊசி. பிறகு சிஸ்டர் வந்து துணியைக் காட்டச் சொல்லுவார், ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்க்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒரு மனுஷி இன்னொரு மனுஷியிடம் அதைக் காட்டுவாள்? கக்கூசுக்குப் போவதென்றாலும் நான் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். இடது பக்கமே ஒருக்களித்துப் படுத்துப் படுத்து இடுப்பெலும்பு இருக்கிற இடம் கன்றிப்போனது. தேங்காய் எண்ணெய் தடவினேன். வெயில் ஏறிய பின் தகரக் கூரை வேகும். நான் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, மேலே அவள் பெருமூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மற்ற பெண்கள் வருவார்கள், பெறுவார்கள், பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். போகிறபோது கட்டில் கட்டிலாக மிட்டாய் கொடுப்பார்கள். மாரீஸ்வரி வாங்கி என் கையில் தந்துவிடுவாள். புதிதாக வருகிறவர்கள், "நீங்க எப்ப வந்தீக?" என்று கேட்டால் பதில் சொல்லக் கூச்சப்படுவாள். எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்த சிஸ்டர் ஊசி வலிக்காமல் போடுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. அப்படி அத்துப்படியானதே அவளுக்கு அவமானமாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் மகிமா என்று ஒரு பெண் மட்டும் எங்களைப் போலவே நீண்ட நாள் இருந்தாள். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜோஷ்வாவின் மனைவி. அவளுக்கு ரத்தக் கொதிப்பு. அவள் மாமியார் வந்தால் மருமகள் தலையில் கைவைத்து ஜெபம் செய்துவிட்டு, கேட்காமலேயே மாரீஸ்வரி தலையிலும் கையை வைத்துவிடுவார். "வைக்கட்டும்க்கா, யாரு கை பலிக்கும்னு யாருக்குத் தெரியும்" என்று கண்ணை மூடிக்கொள்வாள் மாரீஸ்வரி.

படுத்த இடத்திலிருந்தே போனில் தோட்டத்தை ஆண்டாள். மருந்து அடித்தாயிற்றா, தண்ணீர் பாய்ந்ததா, கீழ்வரிசையில் இலை சுருட்டியிருக்கிறதே அது என்ன, போனைக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டு என்று விரட்டுவாள். போனை வைத்த பிறகு சோர்ந்துபோய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரு நாள், "கொடியக்கூடத் தரையில போட மாட்டோம்க்கா, பந்தல்ல ஏத்தி விட்ருவோம். என்னயப் பாரு" என்றாள். நான் எழுந்துபோய் வெந்நீர் வாங்கி வந்தேன்.

இதற்கிடையில் டாக்டரம்மா ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். மாரீஸ்வரிக்கு ஏ நெகட்டிவ் ரத்தம். எளிதில் கிடைக்காதது. அதே வகை ரத்தம் உள்ள ஆட்கள் இரண்டு பேராவது, கூப்பிட்டால் உடனே வந்து நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். நல்ல காலம், என் தம்பி சுருளிவேலுக்கு அதே ரத்தம். மாரீஸ்வரிக்கு அவன் அண்ணன். எங்கள் சித்தப்பா மகன் மதன்குமாருக்கும் அதே ரத்தம். இருவரும் அனுமந்தன்பட்டியில்தான் இருக்கிறார்கள். மாரீஸ்வரியை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தோம், அதனால் எல்லாரும் ஒரே ஊர். இருவரும் வந்து டாக்டரம்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு கவலை விட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் சுரேஷ்கண்ணன் வருவது நின்றது. அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த மனுஷன். முதலில் வண்டி ரிப்பேர் என்றார். பிறகு வியாபாரி வருகிறான் என்றார். பிறகு சும்மா, "வாரேன், வாரேன்" என்றார். மாரீஸ்வரி ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் பார்வையாளர் நேரம் வந்தால் மட்டும் தலையை வாரிக்கொண்டு வாசலைப் பார்த்துப் படுத்திருப்பாள். நேரம் முடிந்து மணி அடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்புவாள்.

"அவுகளுக்கும் சலிச்சுப் போச்சு போலக்கா" என்றாள் ஒருநாள். "எனக்கே என்னயச் சலிக்குது."

மறுநாள் அவளே வீடியோவில் கூப்பிட்டாள். சுரேஷ்கண்ணன் பந்தலுக்கு அடியில் நின்று பேசினார். ஒரு குலையைக் காட்டுவதற்காகக் கையைத் தூக்கினார்.

"அது என்ன கையில?" என்றாள் மாரீஸ்வரி.

"எது?"

"கையக் காட்டுங்க மாமா."

மஞ்சள் துண்டு கோத்த கயிறு வலது மணிக்கட்டில் இருந்தது. அது காப்பு. எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கட்டுவது. அதைக் கட்டிவிட்டால் பொங்கல் முடிகிற வரைக்கும் செருப்புப் போடக்கூடாது, ஒரு வேளைதான் சாப்பாடு, ஊர் எல்லையைத் தாண்டிப்போய் இரவு தங்கக்கூடாது, உடம்பில் கத்தியோ ஊசியோ பட்டு ரத்தம் சிந்தக்கூடாது. பிள்ளை பிறக்கிற இடத்துக்குள் கால் வைக்கக்கூடாது, தீட்டு.

"அம்மா நேந்துக்கிட்டாக" என்றார் சுரேஷ்கண்ணன். "நீயும் பிள்ளையும் நல்லபடியா வரணும்னு மூணு பேரு அக்கினிச்சட்டி எடுக்கிறதா நேந்துருக்காக. அதான் அங்கன வர முடியல."

"அதச் சொன்னா என்ன?"

"சொன்னா வருத்தப்படுவ."

"சொல்லாட்டி சந்தோசமா இருப்பனா?"

எனக்கு வேறொன்று உறைத்தது. போனைப் பிடுங்கினேன். "மூணு பேருன்னா யாரு யாரு தம்பி?"

"நானு, சுருளி மச்சான், மதன்."

"அவுக ரெண்டு பேரையும் டாக்டரம்மா எதுக்குச் சொல்லி வச்சுருக்காகன்னு ஞாபகம் இருக்கா?"

"ரத்தத்துக்கு" என்றார். பிறகு அவசரமாக, "ஆனா பிரசவம் வைகாசியிலதான மதினி? சித்திரைக்குள்ள பொங்கல் முடிஞ்சு காப்ப அவுத்துருவோமே?" என்றார்.

எப்படி இருக்கிறது கணக்கு! ரத்தம் எப்போது வேண்டுமானாலும் போகும் என்று ஆஸ்பத்திரியில் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறார்கள். இவர்கள் பிரசவத் தேதியைப் பார்த்து, பொங்கல் தேதியைப் பார்த்து, நடுவில் இடைவெளி இருக்கிறது என்று காப்புக் கட்டியிருக்கிறார்கள். மூன்று பேரும் கோயில் வாசலில் ஒரே வரிசையில்தான் நின்றிருப்பார்கள். ஒருவனுக்காவது உறைக்க வேண்டாமா? தங்கைக்காகச் செய்கிறோம் என்ற பூரிப்பில் எதுவுமே உறைக்கவில்லை. இவளுக்கு வேண்டாதவர்கள் யாராவது அந்த ஊரில் இருந்திருந்தால் அவர்கள் ரத்தமாவது மிஞ்சியிருக்கும்.

சுருளிவேலைக் கூப்பிட்டுக் கத்தினேன். "ஏலே, உனக்கு அறிவு இருக்கா?"

"தாய்மாமன் நான் கட்டாம யாருக்கா கட்டுவா?" என்றான். குரல் உள்ளே போயிருந்தது.

"சரி, அவுத்துரு."

"கட்டுன காப்ப நடுவுல அறுக்கச் சொல்றியா? நாளப்பின்ன அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஆயுசுக்கும் நான்ல காரணம்னு ஆகும்? என்னால முடியாதுக்கா."

அவனைத் திட்டவும் முடியவில்லை. அவன் பயம் பொய்யில்லை. கடைசியாக இருளம்மாளையே கூப்பிட்டேன்.

"மொத ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரிய மட்டுந்தான நம்புனோம்? என்னாச்சு?" என்றாள் அவள். "இந்தத் தடவ நான் சும்மா இருக்க மாட்டேன். ஆத்தா காலப் புடிச்சுட்டேன், விட மாட்டேன்."

"கும்புடுங்க அத்த, யாரு வேண்டாம்னா? ரத்தம் குடுக்கிற ஆளையுமா கட்டிப் போடுவீக?"

போனை வைத்துவிட்டாள்.

மாரீஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். திடீரென்று சிரித்தாள். "எனக்காக மூணு பேரு செருப்பில்லாம அலையிறாக. ஒருத்தராலயும் இங்கன வர முடியல" என்று சொல்லிச் சிரித்தவள், சிரிப்பு முடிவதற்குள் அழத் தொடங்கிவிட்டாள். அழுதால் வயிறு குலுங்கும் என்று சிஸ்டர் வந்து அதட்டினார். அழுவதற்கும் அனுமதி இல்லை.

மகிமாவின் புருஷன் ஜோஷ்வா விவரத்தைக் கேட்டுத் தன் போனில் இருக்கிற எல்லாக் குழுவுக்கும் போட்டுவிட்டார். ஒருவர் போன மாதம்தான் கொடுத்தேன் என்றார். போடியில் ஒருவர் தருகிறேன் என்றார், ஆனால் அவர் கேரளாவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருந்தார், வர நாளாகும். அந்த நாட்களில் மாரீஸ்வரி அதிகம் பேசவில்லை. தோட்டத்துக்கும் போன் செய்யவில்லை. ஒருநாள் மட்டும், "சாமி என்னய மட்டும் விட்டுட்டு எல்லாரையும் காப்பாத்துதுக்கா" என்றாள். "வாய மூடு" என்றேன்.

அடுத்த வாரம் ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவள், "அக்கா" என்றாள், மெதுவாக. போர்வையை விலக்கினேன். மெத்தை நனைந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் தட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. சிஸ்டர்கள் ஓடிவந்தார்கள். ஊசி, ட்ரிப்ஸ், வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டார்கள். துடிப்பு இருந்தது. ரத்தமும் மெல்ல நின்றது.

டாக்டரம்மா என்னை வெளியே அழைத்தார். "இப்ப நின்னுருக்கு. அடுத்த தடவை நிக்காது. காலையில ஆபரேஷன் பண்ணிடணும். கையில ரத்தம் இல்லாம நான் கத்தியத் தொட முடியாது. இருக்கிற ஒரு பாட்டிலும் இப்ப ஏறப் போகுது. மதுரையில கேட்டிருக்கோம், நிச்சயமில்லை. உங்க ஆளுங்களை இன்னிக்கே வரச் சொல்லுங்க" என்றார்.

சுரேஷ்கண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அழுதார். பின்னால் இருளம்மாள் ஏதோ கேட்பது கேட்டது. "மதினி, நான் என்ன செய்யட்டும்? அம்மா..." என்று இழுத்தார். என் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. அப்போது மாரீஸ்வரி ட்ரிப்ஸ் ஏறுகிற கையை நீட்டினாள். "குடுக்கா."

முகம் வெளுத்துக் கிடந்தது. குரல் எனக்கே எட்டவில்லை. "ஸ்பீக்கர்ல போடுங்க மாமா. அத்த இருக்காகளா?"

"இருக்கேன்" என்றாள் இருளம்மாள்.

"அத்த, நான் சண்ட போடல. அதுக்குத் தெம்பு இல்ல. எனக்கு ரொம்பக் களைச்சுப் போச்சு. காப்ப அறுத்தா சாமிக்குக் கோவம் வரும்னா, எங்கிட்ட வரச் சொல்லுங்க. நான் இங்கனதான் படுத்துக் கெடக்கேன். எங்கயும் ஓடிப் போகல. ஆனா அண்ணனையும் மதனையும் அனுப்பி வைங்க."

இவள் போனைக் காதில் வைத்தபடியே கிடந்தாள். பிறகு அது தானாகக் கட்டாகிவிட்டது.

நான் மாடிப்படிக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். எத்தனை தடவை நடந்தேனோ. வெயில் சாய்கிற நேரத்தில், ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகிற ஜீப் ஒன்று கீழே வந்து நின்றது. பின்னாலிருந்து சுரேஷ்கண்ணனும் சுருளிவேலும் மதனும் குதித்தார்கள். மூன்று பேர் காலிலும் செருப்பு இல்லை. மூன்று பேர் கையும் வெறுமையாக இருந்தது. முன்சீட்டில் இருளம்மாள் உட்கார்ந்திருந்தாள், இறங்கவில்லை. அவள் வலது கையில் மூன்று காப்பு இருந்தது.

சுருளிவேல் என்னிடம் வந்து மூச்சு வாங்கச் சொன்னான். போன் கட்டானதும் இருளம்மாள் குலை வெட்டுகிற கத்தரியை எடுத்து மகன் கைக் காப்பை அறுத்திருக்கிறாள். பிறகு தெருவில் இறங்கி வந்து இவன் கையைப் பிடித்து அறுத்திருக்கிறாள், மதன் கையையும். மூன்றையும் எடுத்துக்கொண்டு பூசாரி பிச்சைமணி வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒருத்தருக்குக் கட்டியதை இன்னொருத்தருக்குக் கட்டக் கூடாது, தெய்வக் குத்தம் என்று பூசாரி சொல்லியிருக்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது இதுதான்.

"கூடாதுன்னா அத ஆத்தா எங்கிட்ட வந்து சொல்லட்டும். நீ கட்டுய்யா" என்றாளாம் இருளம்மாள். "மூணு சட்டியும் நானே எடுக்கேன். குத்தம்னா என் ஒருத்தியோட போகட்டும்."

பூசாரி கட்டிவிட்டார். காப்புக் கட்டிய கைக்கு, வீட்டில் பிள்ளை பிறக்கிற தீட்டு ஒட்டாது, ஆனால் பிரசவ ஆஸ்பத்திரிக்குள் மட்டும் கால் வைக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் ஜீப்புக்கு அருகில் போனேன். "மேல வந்து ஒரு வாட்டி பாத்துட்டுப் போங்க அத்த" என்றேன், தெரிந்தும்.

"வரப்படாது" என்றாள். "இருட்டுறதுக்குள்ள எல்லைக்குள்ள போயிறணும். அவளுக்குக் குடிக்க என்ன குடுத்தீக?"

"இனிமே ஒண்ணும் குடுக்கக் கூடாதாம். காலையில ஆபரேஷன்."

தலையை ஆட்டினாள். ஜீப்பைத் திருப்பச் சொன்னாள். போய்விட்டாள்.

ரத்தம் எடுக்கிற இடத்தில் இருந்தவர் இவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காரர்கள் என்று கேட்டதும், முதலில் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று துரத்தினார். கேன்டீனில் சுருளிவேல் இட்லியைப் பிட்டு, காப்பில்லாத கையை ஒரு தடவை பார்த்துவிட்டு வாயில் வைத்தான். மதன் கண்ணை மூடி விழுங்கினான். சாப்பிட்டார்கள். கொடுத்தார்கள்.

காலையில் ஆபரேஷன் நடந்தது. பெண் பிள்ளை. ஒரு கையில் அடங்கிவிடும், அவ்வளவுதான் இருந்தது. அழவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாரீஸ்வரிக்கு உள்ளே ரத்தம் மிக அதிகமாகப் போனது. அண்ணன் கொடுத்ததும் மதன் கொடுத்ததும் மதுரையிலிருந்து வந்ததும் எல்லாம் ஏறியது. இவர்கள் இல்லாவிட்டால் கஷ்டம்தான் என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னபோது, சுருளிவேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. மாரீஸ்வரி மறுபடி அதே கட்டிலுக்கு வந்தாள். முன்பு வயிறு இருந்தது, இப்போது தையல் இருந்தது. பிள்ளை வேறு அறையில், மூக்கில் குழாயோடு. நாளைக்கு ஒரு தடவை சக்கர நாற்காலியில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பாலைப் பிழிந்து கிண்ணத்தில் கொடுத்தனுப்ப வேண்டும். சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அவள் பிழிந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். யார் வந்து என்ன கேட்டாலும், "ம்" என்பாள். சந்தோஷப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும் அல்லவா.

இருளம்மாள் தினமும் வந்தாள். அனுமந்தன்பட்டியில் பஸ் ஏறி, மத்தியானம் வந்து, கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நிற்பாள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட மாட்டாள். கூழோ கஞ்சியோ தூக்குவாளியில் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, "தூங்குனாளா? தையல் இழுக்குதாமா? காய்ச்சல் இருக்கா?" என்று கேட்பாள். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பது வருஷம் அதை மட்டுமே கேட்டவள் இப்போது கேட்கவில்லையே, பெண் பிள்ளை என்றா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கேட்டால் நான் என்ன பதில் சொல்லிவிடுவேனோ என்று அவளுக்குப் பயம். அத்தனை நாள் அவள் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே எனக்குப் போய்விட்டது.

அன்று மேலே வந்து மாரீஸ்வரியிடம் அதைச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, "அக்கா, என்னயப் புடி. வராந்தாவுக்குப் போவோம்" என்றாள். தையலைக் கையால் தாங்கிக்கொண்டு, அடி அடியாக நடந்து, வராந்தாக் கம்பி வரைக்கும் வந்தாள். சித்திரை வெயில் கீழே தரையெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. வண்டிகளுக்கு நடுவே இருளம்மாள் தூக்கோடு நின்றிருந்தாள். செருப்பில்லாத கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்த!" என்றாள் மாரீஸ்வரி.

இருளம்மாள் கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தாள். பதறிவிட்டாள். "நீ எதுக்கு எந்திரிச்ச? போய்ப் படு ஆத்தா!"

"படுத்தது போதும் அத்த. உங்க பேத்தி இன்னிக்கு எங்கிட்டயே பால் குடிச்சா. கொழாய எடுத்துட்டாக. நல்லாச் சத்தமா அழுகுறா."

இருளம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "மெதுவாச் சொல்லு, மெதுவாச் சொல்லு, கண்ணு பட்டுரும்" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு மாரீஸ்வரியும் அழுதாள். தையல் வலிக்கும் என்று நான் தடுக்கவில்லை.

"நெழலுக்குப் போங்க அத்த" என்றாள் மாரீஸ்வரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கால் வெந்துரும். நாளைக்கு வராதீக. பொங்கல் முடிஞ்சு காப்ப அவுத்துட்டு வாங்க, பிள்ளையத் தூக்கலாம். எதுக்கு இப்படி வந்து வெயில்ல நிக்கிறீக?"

இருளம்மாள் முந்தானையை இறக்கினாள்.

"இத்தன நாளு எங்களுக்காக நீ படுத்துக் கெடந்த ஆத்தா" என்றாள். "நான் செத்த நேரம் நிக்கக் கூடாதா?"